கரையில் நடக்கக் கூடாதவர்கள்

14-6-2017

போதும். இரண்டு வருடமாக வாயை மூடிக்கொண்டிருந்தாயிற்று. வெளியே சொன்னால் பொறாமை என்பார்கள். இங்கே எழுதுவதை யார் தடுப்பது?

ஐயாவு மகள் நீலாம்பாளின் கம்பெனிக்கு மன்னார்குடியில் இப்போது மாடியும் சேர்ந்துவிட்டது. கோர்ட்டுக்குப் போகிற வழியில் பலகையைப் பார்த்தேன்: ‘எதிர்க்கரை – பெண்களுக்கு மட்டுமான சாகசப் பயணம்.’ சாகசமாம். முதல் வருடம் ஒரு வேன் நிறைய டீச்சர்களை முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு ஏற்றிப்போய்ச் சேற்றில் இறக்கிவிட்டாள். அந்த ஊர்ப் பெண்கள் நண்டு பிடிக்கத் தினமும் இறங்குகிற அதே சேறு. இவர்கள் இறங்கினால் போட்டோ, கைதட்டல். இப்போது பிளாஸ்டிக் படகுகள், ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைகள். வருடத்துக்கு ஒருமுறை இமயமலை. பெங்களூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள், நம் ஊர் வெயிலில் கருத்துப்போவதற்கு.

அவர்கள் கூடாரம் அடிக்கிற ஆற்றோர வயல் எங்களுடையது. அப்பா வாய்வார்த்தையாக ஐயாவுவிடம் குத்தகைக்கு விட்டிருந்தார். சட்டம் வந்தது, தாசில்தார் வந்தார், ஐயாவு பெயரைக் குத்தகைதாரராகப் பதிந்துகொண்டு போனார். அப்பா சாகும்வரை வழக்கு நடந்தது. அதற்காகவே என்னைச் சட்டம் படிக்க வைத்தார். படித்தும் தோற்றேன். ஐயாவு கடைசிவரை என்னைச் ‘சின்னய்யா’ என்றுதான் கூப்பிட்டார். மகள் ‘சார்’ என்கிறாள். அதுவும் சிரித்துக்கொண்டு.

2-7-2017

மேட்டூர் இன்னும் திறக்கவில்லை. வெண்ணாறு வெறும் மணல். குறுவை போன மாதிரிதான்.

3-8-2017

ஆடிப்பெருக்கு. பெருகியது வியர்வை மட்டும். ஊர்ப் பெண்கள் போர்செட் தொட்டியருகே காப்பரிசியும் காதோலையும் வைத்துப் படைத்தார்கள்.

‘எதிர்க்கரை’ இந்த நாளுக்கென்று ஆற்றில் படகுப் பயணம் அறிவித்திருந்தது. இரண்டு வேன்களில் பெண்கள் வந்து இறங்கினார்கள். இதைப் பார்ப்பதற்கென்றே கரைக்குப் போனேன், ஒளிப்பானேன். படகுகளை மணலில் கவிழ்த்து, அவற்றின் மேல் இலை போட்டுச் சித்ரான்னம் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா நீலாம்பாள், கப்பல் தரை தட்டிடுச்சா?” என்றேன்.

“தண்ணிதான் சார் லேட்டு, நாங்க வந்துட்டோம். அது போற வழியில நாங்க முன்னாடி நடந்து போறோம், முத்துப்பேட்டை வரைக்கும். வீட்ல அக்காவயும் அனுப்புங்களேன்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான்.

12-8-2017

பேப்பரில் படம். கரைமேல் வரிசையாகப் பெண்கள், தோளில் மூட்டை. ‘வறண்ட ஆற்றோடு ஒரு நடை.’ தண்ணீர் இல்லாததையும் விற்கத் தெரிந்திருக்கிறது. என் மனைவி சாவித்திரி படத்தைக் கத்தரித்து வைத்திருக்கிறாள். எதற்கு? கேட்கவில்லை.

20-8-2017

சாவித்திரியின் அண்ணன் பக்கிரி வந்தார். எந்தக் கழகம் ஆண்டாலும் மச்சான் ஆளுங்கட்சிதான். வேட்டிக் கரையின் நிறம் மட்டும் மாறும். வெண்ணாற்று மணல் அவருடைய லாரியில்தான் போகிறது. அனுமதி கிடையாது. அதைக் கேட்கிறவரும் கிடையாது.

“மாப்ள, இந்தப் பொம்பளைங்க கரைமேல போனா கண்ணு கீழதான போவுது. எவளோ ஒருத்தி லாரிய போட்டோ புடிச்சிருக்கா. கலெக்டருக்கு ஒரு மனுவ தட்டுங்க. கரை பாழாவுது, பண்பாடு பாழாவுது, என்னத்தயாச்சும் போடுங்க. உங்க பேர்லயே போடுங்க. வக்கீல் பேருன்னா ஒரு மதிப்பு.”

இவர் மேலும் எனக்கு மரியாதை கிடையாது. எட்டாம் வகுப்போடு நின்றவர் என் பெயரின் மதிப்பைப் பற்றிப் பேசுகிறார். ஆனால் மனுவை எழுதினேன். கரையின் உறுதி, குடிமராமத்து, பெண்களின் பாதுகாப்பு என்று எல்லாம் இருக்கிறது. நல்ல மனு. முழுப் பெயர், பட்டம், முகவரி, கையெழுத்து.

15-9-2017

பலித்தது. கூட்டமாகக் கரையில் நடக்கவும் கூடாரம் அடிக்கவும் பொதுப்பணித்துறை தடை.

மத்தியானம் நீலாம்பாள் கோர்ட் வாசலுக்கே வந்துவிட்டாள். கையில் உத்தரவின் நகல். “சார், மனு போட்டது நீங்கதான்னு தெரியும். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். கரையிலதான நடக்கக் கூடாது? ஆத்துக்குள்ள எறங்கி நடந்தா?”

“படிச்ச பொண்ணுதானே. ஆறுன்னு அதுல எங்கயாவது போட்டிருக்கா?” என்றேன். டீக்கடையில் நின்ற ஜூனியர்கள் சிரித்தார்கள். அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

30-9-2017

‘ஆற்றுக்குள் நடை’ அமோகமாம். இடமே இல்லையாம். முத்துப்பேட்டை ஹமீதா பானு என்று ஒருத்தியை நீலாம்பாள் இதற்கென்றே சம்பளத்துக்கு வைத்திருக்கிறாள். தடை போட்டால் வளர்கிற வியாபாரத்தை இப்போதுதான் பார்க்கிறேன்.

சாப்பிடும்போது சாவித்திரி சொன்னாள்: “ஏங்க, புதுத்தண்ணி வர்றப்ப நானும் அவங்களோட போறேன்.”

“எங்க?”

“தண்ணிக்கு முன்னால. அது மெதுவா வருமில்ல, அதுக்கு முன்ன நடக்குறது. சின்னப் புள்ளையில நாங்க செஞ்சதுதான்.”

“அம்பது வயசுல ஆத்துல எறங்குனா ஊர் சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். இத்தன நாளு சிரிக்காம இருந்து என்னத்தக் கண்டேன்.”

சின்னப் பிள்ளையில் இவள் நடந்த ஆறு வேறு. ஆற்று வளைவுக்குக் கிழக்கே பக்கிரி மணல் அள்ளிய குழிகளில் ஒரு மாட்டுவண்டி நின்றால் தலை தெரியாது. சொல்லலாம். சொன்னால், யார் குழி, நீங்கள் ஏன் அதை மனுவில் எழுதவில்லை என்பாள். தண்ணீர் வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

9-10-2017

சாவித்திரி ஆஸ்பத்திரியில். உயிர் இருக்கு. இருக்கு.

10-10-2017

இன்றைக்குத்தான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

புதுத்தண்ணீர் நேற்றுக் காலை எங்கள் ஊருக்கு வந்தது. நுரையும் வைக்கோலும் சருகும் தள்ளிக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்தில். பள்ளத்தை நிரப்பிவிட்டுத்தான் அடுத்த அடி வைக்கும். எப்போதும் ஊர் கரைமேல் நின்று பார்க்கும். இவர்களுக்குக் கரை கிடையாது. என் உபயம்.

நீலாம்பாள் முன்னால் கம்பால் குத்திப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறாள். அவள் காலடியில்தான் மற்றவர்கள் கால் வைக்க வேண்டும் என்று சட்டம். பின்னால் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. நடைதானே என்று மிதவைச் சட்டை யாரும் போடவில்லை. சாவித்திரி மடியில் மஞ்சளும் பூவும் வைத்திருந்தாள். புதுத்தண்ணீரைப் பார்த்துவிட்டு ஒரு பூ போடாமல் இந்தப் பக்கத்துப் பெண் எவள் போவாள்? வரிசையை விட்டு நாலடி விலகினாள். வைக்கோல் மிதந்த இடம் தரை மாதிரி சமமாக இருந்திருக்கிறது. அது தண்ணீர் நிரம்பிய குழி.

நீலாம்பாள் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குதித்தாள். ஹமீதா பானுவும் மற்றவர்களும் கயிற்றைப் பிடித்திருக்கிறார்கள். இரண்டு தடவை வெறுங்கையோடு மேலே வந்தாளாம். மூன்றாவது தடவை தலைமுடி கையில் சிக்கியது. இழுத்ததில் சாவித்திரியின் இடது கை முறிந்துவிட்டது. நெஞ்சில் தண்ணீர்.

ஆஸ்பத்திரி நடையில் சேறு காய்ந்த உடம்போடு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள். “என் பொறுப்புல வந்தாங்க சார். வரிசைய விட்டுப் போனத நான் கவனிச்சிருக்கணும். நீங்க புகார் குடுத்தா நான் இல்லேங்க மாட்டேன்.”

கெஞ்சியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

11-10-2017

பக்கிரி ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்.

“சும்மா உடாதீங்க மாப்ள. தங்கச்சி செத்துப் பொழச்சிருக்கா. ஒரே ஒரு புகார், நாளைக்கே அவ கடைக்குப் பூட்டு. இன்ஸ்பெக்டர் நம்ம ஆளு.”

சாவித்திரி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அவர் போனதும் திறந்தாள்.

“அண்ணன் என் மொகத்தப் பாக்கவே இல்ல, கவனிச்சீங்களா?”

“ம்.”

“அந்தக் குழி யாரு வெட்டுனதுன்னு உங்களுக்குத் தெரியும்ல?”

பழத்தை உரித்துக் கொடுத்தேன். வாங்கவில்லை.

14-10-2017

புகார் இல்லை என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அவர் திரும்பவும் கேட்டார். திரும்பவும் சொன்னேன். பக்கிரி போன் அடித்துக்கொண்டே இருக்கிறார். எடுக்கவில்லை.

17-10-2017

சாவித்திரி வீட்டுக்கு வந்துவிட்டாள். கட்டுப் பிரித்ததும் நீலாம்பாளிடம் நீச்சல் கற்றுக்கொள்ளப் போகிறாளாம். அனுமதி கேட்கவில்லை, தகவல் சொன்னாள்.

அந்தக் கம்பெனி மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டதாக இந்தக் குறிப்பேடும் நினைக்க வேண்டாம். ஊர்ப் பெண்கள் காலங்காலமாகச் சும்மா நடந்த ஆற்றில் நடக்க இவளிடம் பதிந்துகொண்டு வருவது இன்றைக்கும் எனக்குக் கேலிக்கூத்துதான். நிலத்தையும் நான் மறக்கவில்லை. ஆனால் ஆறு ஐயாவு வீட்டுச் சொத்துமல்ல, பக்கிரி வீட்டுச் சொத்துமல்ல.

கலெக்டருக்கு எழுதி முடித்துவிட்டேன். எந்த வளைவு, எத்தனை குழி, லாரி எந்தப் பாதையில் ஏறுகிறது, எந்தக் களத்தில் மணலைக் கொட்டுகிறார்கள், யாருக்கு எவ்வளவு போகிறது. கூடவே, கரையில் நடக்கத் தடை கேட்ட மனு உண்மையை மறைத்தது, அந்தத் தடையை நீக்க வேண்டும் என்றும். முந்தியதைவிட நல்ல மனு இது. ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை.

சாவித்திரி பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் படித்தாள். “பேரு?” என்றாள்.

நாளைக்குத் தீபாவளி. அவள் அண்ணன் வருவார், வேட்டி புடவை தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு. அவருடைய ஆட்கள் எந்த நேரத்திலும் வருவார்கள், தாம்பாளம் இல்லாமல்.

பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினேன். அவள் ஒற்றைக் கையால் தாளை மடித்துக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

மன்னார்குடித் தபால் முத்திரை விழுந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். திருவாரூரில் போடுகிறேன். கையெழுத்து இல்லாமல்.