கரண்டி அவளுக்கு, கிளறு எனக்கு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பா தேறி வருகிறார், வலது கை சட்டைப் பொத்தான் போடும் அளவுக்கு வந்துவிட்டது, நானும் நலம்தான், வயிற்றெரிச்சலைத் தவிர உடம்பில் வேறு கோளாறு இல்லை. போனில் சொல்லாமல் இதென்ன கடிதம் என்று கேட்பாய். போனில் எப்படிச் சொல்வது, அவர் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறார், வாய்தான் தடுமாறுகிறதே தவிர பாம்புக் காது அப்படியே இருக்கிறது. போன தடவை நீ பேசியபோது அப்பா உன் பெயரைச் சொல்லவில்லை, யாரோ மூன்றாம் மனுஷியிடம் கேட்பதுபோல் சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டார் என்று அழுதுகொண்டே போனை வைத்துவிட்டாய். அதற்கப்புறம் உன்னிடமிருந்து பேச்சு மூச்சு இல்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் அதற்கு முன்னால் என் பொருமலைக் கொட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிறாளே அந்த டீச்சர், அவளைப் பற்றித்தான். நல்ல பெண்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை, நீகூட அவளுக்கு நன்றி சொல்லி ஏதோ பூப்படம் எல்லாம் அனுப்பினாயாம், போனைத் திறந்து என்னிடமே காட்டினாள். எனக்கு நீ இதுவரை ஒரு பூவும் அனுப்பியதில்லை, போகட்டும். அவள் வருகிற நாளில் உன் அப்பா காலையிலேயே முகத்தைத் தடவிப் பார்த்து, மழித்துவிடு என்று கன்னத்தைக் காட்டுகிறார். நான் ஊட்டினால் போதும் போதும் என்று தலையைத் திருப்புகிறவர், அவள் கேட்டால் பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்காருகிறார். ஸ்ட்ரோக் வந்து இத்தனை நாளைக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் பெயர் என்ன தெரியுமா, டீச்சர். அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, டீச்சர் என்று தெளிவாக, பிசிறில்லாமல் சொன்னார். அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கும் கலங்கியது, ஆனால் அது வேறு காரணம்.

அவருக்கு என்ன ஆகியிருக்கிறது என்று அவள் எனக்குப் படம் போட்டு விளக்கினாள். ஆளுக்கும் பொருளுக்கும் இடத்துக்கும் இருக்கிற பெயர்ச்சொல் எல்லாம் மூளைக்குள் ஒரு அலமாரி என்று வைத்துக்கொள்ள வேண்டுமாம். வா, போ, எடு, கொடு என்று செய்கிற காரியத்தைச் சொல்லும் வினைச்சொல் எல்லாம் இன்னொரு அலமாரி. இவருக்கு முதல் அலமாரியின் கதவுதான் இறுகிக்கொண்டதாம், இரண்டாவது நன்றாகத் திறந்து மூடுகிறதாம். பெயர்ச்சொல் என்றால் என்ன என்று பள்ளிக்கூடத்தில் நானும்தான் படித்தேன், இவள் என்ன எனக்குப் புதிதாகச் சொல்வது என்று நினைத்தேன். ஆனால் அவள் ஒரு பூட்டின் படத்தை எடுத்து இது என்ன என்று கேட்டாள், அப்பா முழித்தார், உதட்டைக் கடித்தார், நெற்றியில் அடித்துக்கொண்டார், வரவில்லை. வாழ்நாளெல்லாம் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர், எத்தனை விதப் பூட்டு விற்றிருப்பார், யோசித்துப் பார். அன்றைக்கே அவள் போனதும் வாசல் கதவைக் காட்டி, பூட்டு என்று எனக்கு உத்தரவு போட்டார். அதே வார்த்தை, அதே எழுத்து. கையால் செய்கிற காரியமாக இருந்தால் வாய்க்கு வருகிறது, ஆணியில் தொங்குகிற பொருளாக இருந்தால் வரவில்லை. பேப்பரை என்னிடம் நீட்டிப் படி என்கிறார், மாடிப் படியின் படத்தைக் காட்டினால் ஊமையாகிவிடுகிறார். உன் சித்தப்பா கடையிலிருந்து போன் செய்து, பித்தளைக் கொக்கி எந்த டிராயரில் இருக்கிறது என்று கேட்டார், குனி, துழாவு, இழு என்று அப்பா இங்கிருந்தே சொன்னார், அந்தப் பக்கம் கிடைத்துவிட்டது. பெயர் இல்லாமலே கடையை நடத்திவிடுவார் போலிருக்கிறது.

சரி, அவள் படத்தைக் காட்டித்தானே சொல்லிக் கொடுக்கிறாள், நான் நிஜப் பொருளையே காட்டினால் இன்னும் சீக்கிரம் வராதா என்று நானும் இறங்கினேன். சமையலறையில் இருந்ததை எல்லாம் கொண்டுவந்து மேஜையில் பரப்பினேன். கரண்டியைக் காட்டினேன், கிளறு என்றார். டம்ளரைக் காட்டினேன், குடி என்றார். கத்தரிக்கோலுக்கு வெட்டு. துடைப்பத்தைக் காட்டினால், கூட்டு என்று என்னிடமே வேலை சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் அவள் வந்து, வழவழப்பான அட்டையில் ஒரு கரண்டியைக் காட்டி, க என்று மட்டும் எடுத்துக் கொடுத்தாள். கரண்டி என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும். என் கையில் இருந்தால் அது கிளறு, அவள் கையில் இருந்தால் கரண்டி. அவளுக்கு அன்றைக்கு டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டேன், வேண்டுமென்று இல்லை, கொஞ்சம் வேண்டுமென்றுதான்.

இதெல்லாம் விளையாட்டாக எழுதுகிறேனே ஒழிய, உள்ளே ஒரு பயம் அரித்துக்கொண்டே இருந்தது கண்ணு. பூட்டும் டம்ளரும் போன அலமாரியில்தானே நானும் இருந்திருப்பேன், என்னையும் மறந்துவிட்டாரோ, சோறு போட வருகிற யாரோ ஒருத்தி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாரோ என்று. அவரிடம் நேராகக் கேட்கத் தைரியம் இல்லை. அதனால் ஒரு காரியம் செய்தேன், சிரிக்காதே. கடை திறந்த புதிதில் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் நான் நிற்கிற போட்டோ ஒன்று இருக்குமே, அதை அட்டை அளவுக்குக் கத்தரித்து, அவளுக்குத் தெரியாமல் அவள் பெட்டிக்குள் கத்தரிக்கோல் படத்துக்கும் நாற்காலிப் படத்துக்கும் நடுவில் செருகிவிட்டேன். அவள் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தாள், என் படம் வந்ததும் சிரித்துவிட்டு என்னைப் பார்த்தாள், நான் துணி மடிக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். இது யார் என்று கேட்டாள். அவர் படத்தைக் கண்ணருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். அப்புறம், வாயேன் என்றார். வருகிறது இருக்கட்டும், இவங்க யார் சொல்லுங்க என்று அவள் மறுபடி கேட்டாள். கோபமாக, இன்னும் சத்தமாக, வாயேன் என்றார். அவள் படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். நாற்காலி என்று கணீரென்று சொன்னார். நாற்காலிக்கு அவர் வாயில் இடம் இருக்கிறது, எனக்கு இல்லை. மடித்த துணியைக் கலைத்து மறுபடி மடித்துக்கொண்டு நின்றேன்.

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு டம்ளரை ணங்கென்று வைப்பதை அவள் கவனித்திருக்க வேண்டும். தானாகவே என் பெயரை எடுத்துக்கொண்டு பயிற்சி கொடுக்க ஆரம்பித்தாள். பெயரைத் துண்டு துண்டாக உடைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் மேஜையில் ஒரு தட்டு தட்டி, அவரையும் தட்டச் சொல்லி, வருகிற நாளெல்லாம் இதே வேலை. கடைசியில் இந்த வாரம் ஒருநாள் முழுப் பெயரும் வந்துவிட்டது. அவள் கை தட்டினாள். நான் குளிர்ந்து போயிருக்க வேண்டாமா? எனக்கு ஆஸ்பத்திரியில் டோக்கன் கூப்பிட்டது போல இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூட அந்தப் பெயர் அவர் வாயில் வந்ததில்லை. இப்போது என் பெயர்கூட அவள் வாயிலிருந்து அவர் வாய்க்குப் போய்த்தான் என்னிடம் வரவேண்டியிருந்தது. சொல்லி முடித்ததும் சரிதானா என்று அவர் யாரைப் பார்த்தார் தெரியுமா, அவளை. என்னை இல்லை. அதுதான் தாங்கவில்லை.

என் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கே சங்கடமாகிவிட்டது. அட்டைகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள், "அப்போ வீட்ல உங்கள எப்படிம்மா கூப்பிடுவாரு?" எப்படிக் கூப்பிடுவார் என்று சொல்ல வாயைத் திறந்தேன், உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன நாள் ஞாபகம் வந்துவிட்டது. அம்மா பேர் என்னம்மா என்று தலைமையாசிரியை கேட்டாள், நீ சட்டென்று, வாயேன் என்றாய். அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள், அப்பா வீடு வரும்வரை தெருவெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தார். நீ சொன்னதில் தப்பே இல்லை. கடைக்குள்ளிருந்து கூப்பிட்டாலும் வாயேன், பக்கத்தில் படுத்துக்கொண்டு கூப்பிட்டாலும் வாயேன், கையெட்டும் தூரத்தில் நின்றாலும் வாயேன், இத்தனை வருஷமும் நான் அதற்குத்தான் திரும்பிப் பார்த்திருக்கிறேன், என் படத்தைப் பார்த்து அவர் சொன்னபோதுதான் எனக்கு உறைக்கவில்லை. அவளிடம், வாயேன்னுதான் கூப்பிடுவார் என்றேன். என் வாயிலிருந்து அது வந்ததும் உன் அப்பா நாற்காலிக் கையைப் படபடவென்று தட்டினார். என்னைப் பார்த்து, அவளைப் பார்க்காமல் என்னை மட்டும் பார்த்து, வாயேன் என்றார். இதைத்தானே இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் மக்கே என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. அவளுக்கும் புரிந்துவிட்டது. பரவாயில்லைம்மா, இனிமேல் இதையே அட்டையில் எழுதிப் படத்துக்குக் கீழே ஒட்டிவிடுகிறேன் என்று பேனாவை எடுத்தாள். அதெல்லாம் வேண்டாம் என்று போட்டோவைப் பிடுங்கிக்கொண்டேன். கரண்டி, நாற்காலி எல்லாம் அவளே வைத்துக்கொள்ளட்டும்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ அந்த ஊருக்குப் போனதிலிருந்து அப்பா போனை எடுத்ததும் உன்னிடம் முதலில் என்ன சொல்வார் என்று நிதானமாக யோசித்துப் பார். உன் பெயரைச் சொல்லியா ஆரம்பித்தார்? அங்கே உனக்குக் காலையா ராத்திரியா என்றுகூடப் பார்க்காமல் அவர் கேட்கிறது ஒன்றுதானே. அதைத்தான் அன்றைக்கும் கேட்டார். நீதான் காதில் வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடு. அடுத்ததாக உன் பெயரைச் சொல்லிக் கொடுக்கப் போவதாக டீச்சர் சொல்லியிருக்கிறாள், அவள் தட்டித் தட்டி அதை அவர் வாயில் வைப்பதற்கு முன்னால் நீ பேசிவிட வேண்டும், எனக்கு அந்த ஒரு பிடிவாதம் உண்டு. சாப்பிட்டியா என்பார், சாப்பிட்டேன்ப்பா என்று சொல், சாப்பிடாமல் இருந்தாலும் சொல். நீங்க சாப்பிட்டீங்களா என்று நீயும் கேள், சந்தோஷமாகப் பதில் சொல்வார். என்ன சாப்பிட்டீங்க என்று மட்டும் கேட்டுவிடாதே, அவருக்குச் சங்கடம். நீயும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல், நோய் நொடி அண்டாமல், நிறைந்து வாழ வேண்டும் என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். இன்னும் எழுதலாம், ஆனால் உள்ளேயிருந்து என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார், போக வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
வாயேன்