சின்னவளுக்கு நான் எழுதிக் கொடுத்த நற்சான்று

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் பெரிய குறையில்லாமல் இருக்கிறோம், அவருக்கு முழங்கால் வலி மட்டும் சொல்லாமல் வந்து சொல்லாமல் போகிறது. நீ எப்படி இருக்கிறாய், இருமல் விட்டதா, உள்ளதை உள்ளபடி எழுது, போனில் மாதிரி "நல்லாருக்கேன்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாதே. இதென்ன, அம்மா பேனா பிடித்திருக்கிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ கத்துவாய், நான் அழுவேன், அப்பா டிவி சத்தத்தைக் கூட்டுவார், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால் கடையில் மதியம் ஆள் வராத நேரம் பார்த்து இஸ்திரி மேஜையிலேயே காகிதத்தை வைத்து எழுதுகிறேன். மேஜைச் சூட்டில் தாள் சுருளுகிறது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

கடையில் சின்னவள் என்று ஒருத்தி வேலை செய்கிறாள் என்று சொல்லியிருக்கிறேன் இல்லையா. இருக்கும் மூன்று பேரில் வயதில் சின்னவள், அதனால் அந்தப் பெயர். எல்லை தாண்டி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவள், அகதியாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று மனு போட்டுவிட்டு இரண்டு வருடமாகக் காத்திருக்கிறாள். சட்டைக் காலரை அவள் தேய்த்தால் தனி அழகு. அவளுக்கு நான் ஒரு கெடுதல் செய்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை, ஆனால் செய்தது நான்தான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், மற்றதெல்லாம் மேல்பூச்சு.

உன் அப்பா பஸ் ஓட்டியதிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு டிவியைத்தான் ஓட்டுகிறார். அதில் தினமும் நாலு பேர் உட்கார்ந்து ஒருவர் பேச்சை ஒருவர் கேட்காமல் கத்துகிறார்கள், இப்படி வருகிறவர்கள் உயிருக்குப் பயந்து வந்தவர்களா, சம்பளத்துக்கு ஆசைப்பட்டு வந்தவர்களா என்று. அது அப்படியே எங்கள் கடைக்குள்ளும் வந்துவிட்டது. ஒருநாள் கோட்டு எடுக்க வந்த ஒரு பெரிய மனிதர், "இவங்கெல்லாம் நம்ம வரிப்பணத்துல உக்காந்து தின்ன வந்தவங்க" என்று சத்தமாகச் சொன்னார். சின்னவள் அப்போது அந்த மனுஷனுடைய சட்டையைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை, பெட்டியை மட்டும் கொஞ்சம் அழுத்தினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வாடிக்கையாளர் ஆயிற்றே, பல்லைக் காட்டி அனுப்பிவைத்தேன்.

அந்தச் சூடு ஆறுவதற்குள் அவளுடைய மனு விசாரணைக்கு வந்தது. வேலை கொடுத்தவர்கள் ஒரு கடிதம் கொடுத்தால் உதவும் என்று அவளிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவள் தயங்கித் தயங்கிச் சொல்லி முடிப்பதற்குள் நான் முந்திரிக்கொட்டை மாதிரி, "நான் எழுதித் தர்றேன், கவலையை விடு" என்றேன். ஆபீசுக்குப் போகிற காகிதம் எதையும் என்னைக் கேட்காமல் எழுதாதே என்று நீ எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய், கேட்டேனா. பிழைப்பைத் தேடி இந்த நாட்டுக்கு வந்த இந்தப் பெண் யாரிடமும் கையேந்தாமல், உழைத்துச் சம்பாதித்து மகளைப் படிக்கவைக்க வேண்டும் என்ற ஒரே லட்சியத்தோடு இருக்கிறாள் என்று எழுதினேன். லட்சியம் என்ற வார்த்தை மாடி வீட்டு வாத்தியார் சேர்த்தது, ஒரே என்பது நானே போட்டது. டைப் அடித்து, கீழே கடை முத்திரை குத்தி, அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், வாத்தியாருக்குக் காட்டினேன், துணி எடுக்க வந்தவர்களையெல்லாம் நிறுத்திவைத்துக் காட்டினேன். கோட்டுக்காரருக்கும் ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தேன் என்றால் பார்த்துக்கொள். உட்கார்ந்து தின்ன வந்தவள் இல்லை என்று அந்த ஆளுக்குப் பதில் சொல்வதிலேயே என் புத்தி இருந்தது, அவளைப் பற்றி யோசிக்கவே இல்லை.

இனிமேல்தான் எழுதக் கூசுகிறது. அவள் ஏன் ஓடிவந்தாள் என்பது எனக்குத் தெரியும். பெரிய விரிப்புகளை ஒருத்தியாக மடிக்க முடியாது, உனக்கே தெரியும், ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறி எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். அப்படி மடிக்கும்போது ஒருநாள் விரிப்பை உயர்த்திப் பிடித்து, முகம் தெரியாமல் நின்றுகொண்டு சொன்னாள். துப்பாக்கி வைத்திருந்தவர்கள் அவள் புருஷனைத் தேடி வந்திருக்கிறார்கள், அவன் இல்லை என்றதும் அவளைக் கொண்டுபோயிருக்கிறார்கள். மூன்று நாள் வைத்திருந்தார்களாம். விடும்போது, அவன் கிடைக்கும்வரை திரும்பத் திரும்ப வருவோம் என்று சொல்லித்தான் விட்டார்களாம். முனையைச் சேர்த்தோம், அடுத்த விரிப்பை எடுத்தோம். கடிதம் எழுதும்போது இது ஞாபகம் வராமலில்லை. ஒரு பெண்ணின் மானம் சம்பந்தப்பட்டதை நாலு பேர் கைமாறுகிற காகிதத்தில் எப்படி எழுதுவது, வேண்டாம், நல்லதை மட்டும் எழுதுவோம் என்று விட்டுவிட்டேன். அது பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் முடிவு வந்தது. மனுவைத் தள்ளிவிட்டார்கள். அவளுடைய வக்கீலம்மா கடைக்கே வந்து படித்துக் காட்டினார். முதல் விசாரணையில் எதிரே உட்கார்ந்தவரும் ஆண், மொழிபெயர்த்தவரும் ஆண், அவள் வாயே திறக்கவில்லை. பிறகு வக்கீலம்மா கேட்டு எழுதிக் கொடுத்ததை அவர்கள் நம்பவில்லை. ஏன் என்பதற்கு எழுதியிருக்கிறார்கள், உயிர்ப் பயத்தில் வந்ததாக இவர் சொன்னாலும், பிழைப்பைத் தேடித்தான் வந்தார் என்று வேலை கொடுத்தவரே நற்சான்று தந்திருக்கிறார், மகளைப் படிக்கவைப்பதே இவருடைய ஒரே லட்சியம் என்கிறார் என்று. என் வாக்கியம், வரிக்கு வரி. உழைக்காவிட்டால் தின்ன வந்தவள், உழைத்தால் சம்பாதிக்க வந்தவள், இரண்டுக்கும் "வெளியே போ" என்பதுதான் பதில் என்று என் மண்டைக்கு அப்போதுதான் உறைத்தது. பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது. சின்னவள் என்னைத் திட்டியிருக்கலாம், அழுதிருக்கலாம். "நீங்க நல்லதுக்குத்தானேக்கா எழுதினீங்க" என்று சொல்லிவிட்டு, மடிக்காமல் கிடந்த விரிப்பின் ஒரு முனையை எடுத்து என்னிடம் நீட்டினாள். முனை சேர்க்க அவள் கிட்டே வரும்போதெல்லாம் நான் தரையைத்தான் பார்த்தேன். வீட்டுக்கு வந்து பிரதிகளையெல்லாம் கிழித்துப் போட்டேன், கிழித்து என்ன ஆகப்போகிறது.

மேல்முறையீடு பன்னிரண்டாம் தேதி. நான் நேரில் வந்து பேச வேண்டும் என்கிறார் வக்கீலம்மா. சின்னவளிடம் கேட்டேன், "இப்பவாவது சொல்லுங்கக்கா" என்றாள். ஆனால் அங்கே என்னைக் கேட்பார்களாம், தெரிந்திருந்தும் அன்றைக்கு ஏன் எழுதவில்லை, அவளைக் காப்பாற்ற இன்றைக்குக் கதை கட்டுகிறீர்களா என்று. "உங்க பதிலை அவங்க நம்பணும், யோசிச்சு வைங்க" என்று வக்கீலம்மா சொல்லிவிட்டுப் போனார். யோசித்தேன். என்னிடம் உண்மையான பதில் ஒன்றுதான் இருக்கிறது, அது உன்னுடையது.

நீ கொதிக்கிற வெயிலில் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்து நின்றாயே, நான் பார்த்தேன் கண்ணு. துணி விலகியபோது கீழே என்ன இருந்தது என்றும் பார்த்தேன். பார்த்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டேன். இரண்டு தடவை உன்னைக் கட்டிக்கொடுத்த அந்த ஆளிடமே திருப்பி அனுப்பினேன், "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்று சொல்லி. மூன்றாவது தடவை நீ என்னிடம் வரவில்லை, இப்போது இருக்கிற அந்தக் குளிர் ஊரில் போய் இறங்கிவிட்டுத்தான் போன் செய்தாய். அன்றிலிருந்து கேட்கிறவர்களுக்கெல்லாம், உன் சித்திக்குக்கூட, "அவளுக்குப் பெரிய வேலை கிடைச்சிருக்கு, அதான் போயிட்டா" என்று சொல்லி வருகிறேன். ஏம்மா அப்படிச் சொல்கிறாய் என்று நீ ஒருமுறை கேட்டதற்கு, உன் மானத்தைக் காப்பாற்றத்தான் என்றேன். பொய். என் மானத்தைத்தான் காப்பாற்றிக்கொண்டேன். சின்னவளுக்கு எழுதிய நற்சான்று எனக்கு அவ்வளவு சுலபமாக வந்தது, ஆறு வருடமாக உனக்கு வாயால் அதையேதான் கொடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே யாராவது எதற்கு வந்தாய் என்று கேட்டால் நீயும் வேலைக்கு என்றுதான் சொல்லுவாய், அது நான் சொல்லிக்கொடுத்த பாடம்.

அதனால் கேட்கிறேன். பன்னிரண்டாம் தேதி அந்த அறையில், ஓடிவந்த பெண்ணை வேலை தேடிப் போனவள் என்று சொல்வது என் பழக்கம், பெற்ற மகளுக்கே அப்படித்தான் செய்தேன் என்று சொல்லட்டுமா. உன் பெயர் வராது, ஆனாலும் அது உன் கதை. நீ வேண்டாம் என்றால் வாயைத் திறக்க மாட்டேன், சத்தியம். இந்தத் தடவை கேட்காமல் செய்ய மாட்டேன். அப்பாவிடம் மட்டும் சொன்னேன். டிவியை அணைத்துவிட்டு, முழங்காலைத் தடவிக்கொண்டே, "புள்ளைகிட்ட கேளு" என்றார்.

வேளைக்குச் சாப்பிடு, கதகதப்பாக உடுத்திக்கொள், இருமலை அசட்டை செய்யாதே. எந்தக் குறையும் உன்னை அண்டாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், எங்கே இருந்தாலும் பயமில்லாமல் தூங்க வேண்டும், நாங்கள் வேறென்ன கேட்கப்போகிறோம். சரி என்றோ வேண்டாம் என்றோ ஒரு வார்த்தை பன்னிரண்டாம் தேதிக்குள் சொல்லிவிடு, மறக்காதே.

இதை யாருக்கும் படித்துக் காட்டவில்லை. முத்திரையும் குத்தவில்லை.

அன்றைக்கு உன் கழுத்துத் துணியை அவிழ்த்துப் பார்க்காத,
உன் அம்மா