இன்னும் கொஞ்சம் ஏறட்டும்

காலையில் மக்ரூன் வாங்கினேன். விலை மறுபடியும் ஏறியிருக்கிறது. கேட்டால் கடைக்காரர், "முந்திரி விக்கிற விலையில நான் என்னம்மா செய்ய?" என்கிறார். வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்ததும் அந்த முந்திரி வாசனையோடு நீ வந்துவிட்டாய். அந்த நேரம் பார்த்துக் கைப்பேசியில் செய்தி: பங்குச் சந்தை புதிய உச்சம். இதைச் சொல்லிச் சண்டை பிடிக்க உன்னை விட்டால் எனக்கு எந்தத் தோழி இருக்கிறாள்?

துறைமுகச் சாலையில் நம் வங்கிக் கிளை. நான் நகைக் கடன் பிரிவு, நீ வைப்புத்தொகைப் பிரிவு. ஊரார் பணத்தையெல்லாம் வைப்பில் போடச் சொல்வாய், உன் சம்பளத்தை மட்டும் சந்தையில் கொண்டுபோய்ப் போடுவாய். வங்கிக் கூடத்துத் தொலைக்காட்சியில் சந்தை எண்கள் ஓடும்போது உன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"ஏளா, பாத்தியா? எல்லாம் பச்சை."

"அங்கன பாத்தது போதும், இங்கனயும் பாரு. பள்ளிக்கூடம் திறக்கதுக்கு முன்னாலயே எத்தனை பேரு சங்கிலியோட நிக்காவ? விலைவாசி கழுத்தை நெரிக்கு. சனத்துக்கிட்ட காசு இல்லன்னா கம்பெனிக்காரன் யாருக்கு விப்பான்? வட்டியும் ஏறிட்டா உன் பச்சை எத்தனை நாளைக்கு நிக்கும்?"

"விலைவாசி ஏறுனா அவன் சரக்கு விலையும்தான் ஏறும். வட்டி என்ன ஏறிக்கிட்டேவா இருக்கும்? ஒரு நாள் இறக்கித்தான் ஆகணும். நீ ஒரு பயந்தாங்கொள்ளி."

நம் பந்தயம் உனக்கு நினைவிருக்கும். மாதக் கடைசியில் சந்தை ஏறியிருந்தால் மக்ரூன் என் செலவு, இறங்கியிருந்தால் உன் செலவு. பெரும்பாலும் நான்தான் வாங்கினேன். தின்னும்போது ஒரு வார்த்தை ஆறுதல் சொல்வாயா என்றால், மாட்டாய். "நல்லா மொறுமொறுன்னு இருக்கு, அடுத்த மாசமும் இதே கடையில வாங்கு" என்பாய்.

நாமும் ஒன்றுக்காகத்தான் சேர்த்தோம். நீ கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டாய். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு மகனும் சென்னைக்குப் போய்விட்டான். ஓய்வு பெற்றதும் உன் ஊரான ஆலந்தலையில், கடல் பார்த்த மாடி வீடொன்றை, மொத்தமாகப் பணம் கட்டி ஒத்திக்குப் பிடித்து, இருவரும் சேர்ந்து இருப்பது என்று பேசிக்கொண்டோம். அதற்காக மாதாமாதம் பரஸ்பர நிதியில் ஆளுக்குப் பாதியாகப் போட்டு வந்தோம்.

ஓய்வும் வந்தது, ஒத்திக்கு வேண்டிய தொகையும் சேர்ந்திருந்தது. எடுத்துவிடலாம் என்றேன். "இன்னும் கொஞ்சம் ஏறட்டும்ளா" என்றாய். பிறகு வட்டியைக் கூட்டினார்கள், சந்தை சரிந்தது. "இப்ப எடுத்தா நமக்குத்தான் நட்டம். வட்டி இறங்கட்டும்." திரும்ப ஏறத் தொடங்கியது. "ஏறும்போது எவளாவது எடுப்பாளா?" ஏறினாலும் இறங்கினாலும் பொறுத்திருக்க உன்னிடம் ஒரு காரணம் இருந்தது. இப்படியே இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. நாம் பார்த்து வைத்த வீட்டுக்கு வேறு யாரோ குடிவந்துவிட்டார்கள். அப்போதும் நீ அசையவில்லை. எனக்கும்தான் ஆசை விட்டதா என்ன?

எத்தனை பேருக்குப் புத்தி சொல்லியிருக்கிறோம். வயதான காலத்தில் பணத்தை நெடுங்காலத்துக்கு முடக்காதீர்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வோமே. விலைவாசி எவ்வளவு தின்னும், வட்டி எந்தப் பக்கம் போகும் என்று நாள் தவறாமல் பேசினோம். நமக்கு வயதாகிறது என்பதை ஒரு நாளும் பேசவில்லை.

மருத்துவமனையில், கையில் ஊசி குத்திக் கிடந்தபோதும், "வட்டியைக் குறைச்சிட்டாங்களா?" என்றுதான் கேட்டாய். குறைத்துவிட்டார்கள் என்றேன். உண்மையாகவே அந்த வாரம்தான் குறைத்திருந்தார்கள். உன் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. "நான் சொன்னேன்லா? அடுத்த மாசம் எடுத்திருவோம். நீ வீட்டைப் பாத்து வை."

அடுத்த மாதமும் சந்தை ஏறியது. அதைப் பார்க்க நீ இல்லை.

இன்று செய்தியைப் பார்த்ததும் நிதி முகவரைக் கூப்பிட்டு, நம் நிதியில் என் பாதியை எடுத்துக் கொடுத்துவிடுங்கள் என்றேன். அவர் பதறிப்போனார். "அக்கா, இன்னும் ஏறும். இப்பப் போய் எடுக்கியளே. ஒரு ஆறு மாசம் பொறுங்க." உன் குரல் கேட்ட மாதிரி இருந்தது. ஏறட்டும் தம்பி, எனக்குப் போதும் என்றேன். இந்த ஏற்றம் நிலைக்குமா என்று எனக்கு இன்றும் தெரியாது. காய்கறிச் சந்தையைப் பார்த்தால் நிலைக்காது என்று தோன்றுகிறது, அப்படித் தோன்றிய போதெல்லாம் ஏறித்தான் இருக்கிறது. இப்போதும் காலை ஒன்பதே காலுக்குச் சந்தை திறக்கும்போது என் கை தானாகக் கைப்பேசியில் உன் பெயரைத் தேடுகிறது. அந்தப் பழக்கத்தை என்னால் விட முடியவில்லை, விடவும் மனதில்லை.

மத்தியானம் பேருந்து பிடித்து ஆலந்தலைக்குப் போனேன். கோயிலுக்குப் பின்னால் ஒரு மாடி வீடு காலியாக இருந்தது. வீட்டுக்கார அம்மா கதவைத் திறந்துவிட்டு, "ஒத்தையிலயா இருக்கப் போறிய?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் கீழே போனபின் சன்னலைத் திறந்தேன், கண்ணுக்கு எட்டின மட்டும் கடல். அங்கேயே நின்று அழுதேன். ஏளா, அன்றைக்கு நட்டத்துக்கே எடுத்திருந்தால்தான் என்ன? இந்தச் சன்னலில் இரண்டு வருஷமாவது நீ நின்றிருப்பாய்.