ராசிக் கரண்டியும் ஊதாக் குடுவையும்

பெப்ரவரி 9, திங்கள்
மறுபடி ஊதா. வெளிர்மஞ்சளாக வரவேண்டிய தங்கச் சேர்மம் கத்தரிக்காய் நிறத்தில் நிற்கிறது. தங்கம் மருந்தாகாமல் வெறும் தங்கமாகவே திரும்பிவிட்டது. புற்றுநோய்ச் செல்லின் டி.என்.ஏ.வைப் பிடிக்க வேண்டியது, குடுவையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எங்கள் ஆய்வகத்தில் கெடுத்தவர் கேக் கொண்டுவர வேண்டும். இது என் பதினோராவது கேக்.

ஜாரட் வாய் நிறையக் கேக்கோடு சொன்னான்: "ரோவன், நீ ஜெயிச்சுட்டா நாங்கல்லாம் பட்டினிதான்."

பக்கத்து மேசைக்காரனாகப் போய்விட்டான். இல்லாவிட்டால் கொன்றிருப்பேன்.

பெப்ரவரி 17
என் வழிகாட்டி மெரிடித் கூப்பிட்டார். "மார்ச் கடைசிக்குள்ள வரலேன்னா வேற தலைப்பு பாத்துக்கலாம்."

மூணு வருஷம்! அத்தனையும் போச்சா? கழிவறையில் போய் அழுதேன்.

பெப்ரவரி 18
புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குப் பாடம் நடத்தினேன்: "தங்க உப்ப இரும்பால தொடவே கூடாது, கெட்டுடும்." கையில் மெரிடித் கொடுத்த ராசிக் கரண்டி. இதுவும் இரும்புதான், ஆனால் மேலே கறுப்புப் பூச்சு உண்டு. பயமில்லை. பதினைந்து வருஷம் அவர் வைத்திருந்தது. "எனக்கு ராசி, உனக்கும் வரும்" என்று தந்தார்.

வரட்டும். எப்போது?

மார்ச் 5
ராசிக் கரண்டியைக் காணோம். பெர்த்தில் நாற்பது டிகிரி, ஏசியும் படுத்துவிட்டது. ஜாரட் தேநீர் அறையிலிருந்து பிரிக்காத பிளாஸ்டிக் கரண்டி கொண்டுவந்தான். "இதால அள்ளு. எப்படியும் நாளைக்குக் கேக்தானே?"

மார்ச் 6
மஞ்சள்.

மார்ச் 12
டி.என்.ஏ.வை மருந்தோடு சூடாக்கினோம். மருந்து பிடித்துக்கொண்டால் இரண்டு இழைகளும் லேசில் பிரியாது. பன்னிரண்டு டிகிரி கூடுதலாகத் தாங்கின! "விடமாட்டேங்குது பாரு!" என்று ஜாரட்தான் முதலில் கத்தினான். இனி செல்லில் பார்க்க வேண்டும். அங்கே கவிழ்த்தாலும் கவிழ்க்கும். இன்றைக்கு அந்தக் கவலை வேண்டாம்.

மார்ச் 16
கரண்டி கிடைத்துவிட்டது, தராசுக்குப் பின்னால். நுனியில் பூச்சு தேய்ந்து இரும்பு பல்லிளிக்கிறது. அந்த இரும்பின்மேல் ஆங்காங்கே பொன் முலாம். என் மூன்று வருஷம்! ஊருக்குத்தான் உபதேசம் செய்திருக்கிறேன்.

மெரிடித் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றி நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 17
காலைத் தேநீருக்கு மெரிடித் கிரீம் வழியும் பாவ்லோவா கேக்கோடு வந்தார். இத்தனை வருஷத்தில் அவர் கொண்டுவந்த முதல் கேக்.

"நீங்க என்ன கெடுத்தீங்க?" என்றான் ஜாரட்.

"ரோவனோட மூணு வருஷத்த."

முதல் துண்டு என் தட்டில் விழுந்தது. பெரிய துண்டு.