ஆண்கள் ஞாயிறு வீடியோ

ஆக்ரன், ஓஹையோ
செப்டம்பர் 9

அன்புள்ள டெரலுக்கு,

நானும் நம் குட்டி ட்ரினாவும் நலம். இங்கே வேலை கிடைக்காமல் நீ போயிருக்கும் டகோட்டாவில் குளிர் ஆரம்பித்திருக்கும். காலுறையை ஈரத்தோடு போட்டுக்கொள்ளாதே.

போனில் சொன்னால் "சரி, விடு வெர்னி" என்று வைத்துவிடுவாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே குடியிருப்பில் பாய்லர் பார்க்க நீ கேட்டிருந்த வேலை உனக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நேரிலேயே போய்க் கேட்டேன். அலுவலகப் பெண் நல்லவள்தான். "போலீஸ் பதிவுல ஒண்ணுமே இல்ல மேடம், சுத்தமா இருக்கு. ஆனா உங்க வீட்டுக்காரரே யூடியூப்ல சொல்றாரே" என்றாள். போனைத் திருப்பிக் காட்டினாள். நம் சபையில் ஆண்களே ஆராதனை நடத்தும் ஆண்கள் ஞாயிறு, நீ டகோட்டா போவதற்கு முந்தையது. நீல கோட்டில் நீ நின்று, பத்தொன்பது வயதில் எந்தத் தெருவில், எந்த இரண்டு கடைகளின் பூட்டை உடைத்தாய் என்று கண்ணீரோடு சாட்சி சொல்கிறாய். கீழே உன் முழுப் பெயர்.

 ஒரு வழக்கு என்றால் பதிவை மூடலாம், இரண்டு இருக்கிறது, உனக்கு வழியே இல்லை என்று எத்தனை வருடம் துரத்தினார்கள்! பிறகு சட்டமே விரிவாகி, இந்த வசந்தத்தில் நீதிபதி உன் குற்றப் பதிவை யாரும் பார்க்க முடியாதபடி மூடி முத்திரை வைத்தார். நீதிமன்ற வாசலில் நீ குழந்தை மாதிரி அழுதாய். அதை நம் சபையே திறந்து ஊருக்குக் காட்டிக்கொண்டிருக்கிறது.

பாஸ்டர் ஹாலோவேயிடம் அந்த வீடியோவை நீக்கச் சொன்னேன். "தேவன் செஞ்சத மறைக்கச் சொல்றியாம்மா? அதப் பாத்து எத்தனை பிள்ளைங்க திருந்தியிருக்கு தெரியுமா?" என்றார். எனக்கு வந்த கோபத்தில், "தேவன் மன்னிச்சிட்டாரு, ஜட்ஜ் மூடிட்டாரு, நீங்க மட்டும் ஏன் எக்காளம் ஊதிக்கிட்டே இருக்கீங்க? உங்க பிள்ளைங்க திருந்த என் புருஷன்தான் பட்டினி கெடக்கணுமா?" என்று கேட்டுவிட்டேன். நடைபாதையில் நின்ற சபை டீக்கன்மார் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

என்மேலும் கோபம்தான். தெருப் பெயர், கடைப் பெயர் எல்லாம் சொன்னால்தான் மனதைத் தொடும் என்று சமையலறையில் உனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான். நீ வேண்டாம் என்றாய். நான்தான் கேட்கவில்லை. மன்னித்துவிடு.

கடைசியில் பாஸ்டர், டெரல் தன் கையெழுத்தோடு எழுதித் தந்தால் நீக்குகிறேன் என்றார். நீ எழுதமாட்டாய், ஊழியத்துக்கு உதவட்டும் என்பாய் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அதை நினைத்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

இருபத்தைந்தாம் தேதி இங்கே கல்லூரிப் பராமரிப்புப் பிரிவில் உனக்கு நேர்காணல். அதற்குள் வீடியோ போயிருக்க வேண்டும். தாளில் எல்லாம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நீ கையெழுத்து மட்டும் போடு. யோசிக்காதே, ஜெபித்துப் பார்க்கிறேன் என்றும் சொல்லாதே. நீ அங்கே போனதிலிருந்து ஆறு வருடமாக ஆராதனையில் என் பக்கத்து இடத்தில் என் கைப்பைதான் உட்கார்ந்திருக்கிறது. ட்ரினா உன் குரலை அப்பா என்பதைவிட போன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

கர்த்தர் உன்னைக் காப்பார், டெரல். நீயே உன்னைக் காட்டிக்கொடுக்காமல் இரு.

கோபத்தோடும் அன்போடும்,
உன் வெர்னிதா