கீழே மட்டும் செல்லும் அட்டை

ஐப்பசி 9, செவ்வாய்

விடியலில் இருந்தே சாரல். வாங்க வேண்டியவை: துவரம்பருப்பு, தேங்காயெண்ணெய், பாப்பாவுக்குச் செருப்பு.

மலைமேல் கேரளா எஸ்டேட்டில் ஏலக்காய் எடுப்பு பாதியில் நின்றது. மருந்தடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி. அந்தக் குளிரிலும் சட்டை நனைய வியர்வை. எஸ்டேட் கேட்டுக்கு எதிரிலேயே ஆஸ்பத்திரி. சூப்பர்வைசர் சேட்டன் அங்கே காட்டச் சொன்னார். இவர்தான் கேட்கவில்லை. ஜீப்பில் ஏறியதும் டிரைவரிடம் சொன்னார்:

"சங்கத்து இன்சூரன்ஸ் அட்டை கேரளாவுல செல்லாதுண்ணே. கீழ போடிக்கு வெரசா விடுங்க."

டிரைவர் அண்ணன் வெரசாகத்தான் விட்டார். வளைவுக்கு வளைவு மூடுபனி. தலை என் மடியில். போடி தெரியுது பாருங்க என்றேன். நெற்றி சில்லிட்டுக் கிடந்தது.

ஐப்பசி 11, வியாழன்

நேற்று அடக்கம் முடிந்தது. வீடு நிறைய ஆள். பாப்பா சாப்பிடவில்லை.

போடி டாக்டர் கேட்டதே காதில். "ஏம்மா, மேலயே காட்டலையா?" அட்டை கீழேதான் செல்லும் என்றேன். "அட்டை அப்புறம்மா. மொதல்ல உசுரு."

அட்டையே இல்லாத காலமாக இருந்தால் கடனை உடனை வாங்கி எதிரிலேயே காட்டியிருப்போம். பெரிய சீக்கு வந்தாலும் பயமில்லை என்றுதானே சேர்ந்தோம்.

கார்த்திகை 4, சனி

வெயில். சங்கத்துச் செல்வி அக்கா வந்தார். அட்டையைப் புதுப்பிக்க வேண்டுமாம். கேட்கக் கூசிக்கொண்டு நின்றார்.

"எத்தனை பேரு போடட்டும், ஆத்தா?"

"நானும் பாப்பாவும்."

வீட்டுக்காரர் பேரை இங்கே வைத்து அடிக்காதீங்க, வீட்டுக்குப் போய் அடிங்க என்றேன். அக்கா அழுதுவிட்டார். சேராமல் எப்படி இருப்பது? பாப்பா இருக்கிறாள்.

கார்த்திகை 8, புதன்

மறுபடி மலை வேலை. பனி. யாரும் என்னிடம் அதிகம் பேசவில்லை, நல்லதாகப் போயிற்று.

மதியத்துக்கு மேல், கூட வேலை செய்யும் பாண்டியம்மா மூட்டையோடு சறுக்கி விழுந்தாள். பின்மண்டையில் அடி. இரண்டு முறை வாந்தி. ஜீப்பில் ஏற்றினோம்.

"போடில போயி பாத்துக்கிறேன். அட்டை இருக்குல்ல."

வண்டி கேட்டைத் தாண்டியது. நிறுத்துங்கண்ணே என்று கத்தினேன். என் குரலா அது? எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் எதிர் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். பாண்டியம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கி உள்ளே கூட்டிப்போனார்கள்.

என்னால் இறங்க முடியவில்லை.