நீலத் திரை

ஜூன் 3

அன்புள்ள பட்டாணி அப்பாவுக்கு,

இங்கே யாருக்கும் காய்ச்சல் இல்லை. அங்கேயும் அப்படியே என்று நம்புகிறேன். போன கடிதத்தில் இரண்டு பக்கமும் ஆய்வுக்கூடத்து எலிகளைப் பற்றித்தான் எழுதியிருந்தீர்கள். நீங்கள் சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா என்று ஒரு வரி இல்லை. போகட்டும், எலிகளாவது சௌக்கியமாக இருக்கட்டும்.

போனில் பேசலாம்தான். ஆனால் நீங்கள் கூப்பிட்டாலே பட்டாணி எங்கிருந்தாலும் வந்து கதவோரம் நின்றுகொள்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயமே அவள்தான். ஏழு வயதுப் பிள்ளை, ஹாலின் நடுவே நடப்பதில்லை. சுவரில் கை வைத்துக்கொண்டு ஓரமாகவே போகிறாள். பள்ளிக்கூட மைதானத்திலும் அப்படித்தானாம். டீச்சரைக் கேட்டால், தங்கமான பெண், அழவே மாட்டாள் என்று மெச்சுகிறார். டாக்டரிடம் கூட்டிப் போனேன். வீட்டில் ஏதாவது பிரச்சனையா என்று கேட்டார். இல்லை என்றேன். பொய் இல்லையே. நாம் ஒரு நாளும் அவள் எதிரில் சண்டை போட்டதில்லை. உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குரல் உயராமல், பல்லைக் கடித்துக்கொண்டுதான் எல்லாமே. பக்கத்து வீட்டில் இன்றுவரை நீங்கள் வேலை விஷயமாக வெளியூர் போயிருப்பதாகத்தான் நினைக்கிறார்கள்.

அப்பா இல்லாத ஏக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது. திரும்பி வந்துவிடுங்கள். எனக்காகக் கேட்கவில்லை. எனக்கு இப்போது உங்கள் மேல் கோபமும் இல்லை, வேறெதுவும் இல்லை. கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க, இது தெளிவா அது தெளிவா என்று ஊரார் கண்ணைச் சோதித்துவிட்டு வீட்டுக்கு வருகிறேன். சமைக்கிறேன், படுக்கிறேன். ஒரே வீட்டில் இருப்போம், அவ்வளவுதான். பேச வேண்டும் என்றுகூட இல்லை.

இப்படிக்கு,
பட்டாணி அம்மா

ஜூன் 11

அன்புள்ள பட்டாணி அம்மாவுக்கு,

சாப்பிடுகிறேன். தூங்குகிறேன் என்றுதான் நினைக்கிறேன்.

வருகிறேன். இந்த மாதக் கடைசியில் இங்கே ஆய்வில் ஒரு கட்டம் முடிகிறது. முடிந்ததும் மாற்றல் கேட்கிறேன். எனக்காகக் கேட்கவில்லை என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வலிக்க வேண்டிய இடம் அது என்று புரிகிறது. வலிக்கவில்லை.

மறுபடியும் எலியா என்று சலித்துக்கொள்வாய். என்னிடம் வேறு சேதி இல்லை. பாதி எலிகளைத் தினமும் நெளியக்கூட முடியாத குழாய்க்குள் கொஞ்ச நேரம் அடைத்து வைக்கிறோம். மீதிப் பாதியைத் தொடுவதே இல்லை. கடைசியில் எல்லாவற்றையும் கூட்டல் குறி போன்ற உயரமான மேடையில் விடுவோம். அதில் இரண்டு பாதைகளுக்குச் சுவர் உண்டு, இரண்டுக்கு இல்லை. பயந்த எலி சுவரை விட்டு வராது. அப்புறம் ரத்தம் எடுத்து, பதற்றத்தில் சுரக்கும் ரசாயனம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்போம். மூளையையும் எடுப்போம்.

அடைபடுகிற எலி முதலில் கடிக்க வரும். போகப்போக, தூக்கினால் துணி மாதிரி தொங்கும். பழகிவிட்டது என்று குறித்து வைத்தேன்.

பக்கத்து அறையில் பழுது பார்க்கிறார்கள். அதனால் இரண்டு கூட்டத்தையும் ஒரே அறையில் வைக்க வேண்டியதாயிற்று. நடுவே கெட்டியான நீலத் திரை ஒன்றை நானே மாட்டினேன். ஒன்றை ஒன்று பார்க்கவே முடியாது. நல்ல யோசனை என்று எல்லாரும் சொன்னார்கள்.

இப்படிக்கு,
பட்டாணி அப்பா

ஜூன் 17

அன்புள்ள எலி டாக்டருக்கு,

இப்படிக் கூப்பிட்டு எவ்வளவு காலம் ஆயிற்று. எழுதிப் பார்த்தேன், பேனா ஒன்றும் முரண்டு பிடிக்கவில்லை.

உள்ளறையில் தையல் மிஷினை நகர்த்தி உங்களுக்குக் கட்டில் போட்டாயிற்று. கதவுக்குப் புதுத் தாழ்ப்பாளும் வைத்தேன், பழையது சரியாகப் பொருந்தாமல் இடுக்கு விட்டுக்கொண்டிருந்தது. பேச வேண்டி வந்தால் உள்ளே போய்ப் பேசிக்கொள்ளலாம், வெளியே ஒன்றும் கேட்காது.

பட்டாணியிடம் சொன்னேன். குதிப்பாள் என்று பார்த்தேன். "கதவைச் சாத்திப்பீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அப்புறம் தலையணையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறை மேஜைக்கு அடியில் போட்டுவிட்டாள். இப்போது அங்கேதான் படுக்கை. அப்பாவுக்கு இடம் விடுகிறாள் போலிருக்கிறது, சமர்த்து.

எந்த வண்டி என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
பட்டாணி அம்மா

ஜூன் 29

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

முடிவுகள் வந்துவிட்டன. அடைத்து வைத்த எலிகளுக்கு ரசாயனம் ஏறியிருந்தது. தொடாத எலிகளுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு. மேடையிலும் இரண்டு கூட்டமும் சுவரை ஒட்டியே கிடந்தன. ஆய்வு வீண்.

எங்கள் ஆய்வுக்கூடத் தலைவி திட்டவில்லை. அறைக்கு வந்து திரையை விரலால் தூக்கிப் பார்த்தார். "திரை போட்டா கண்ணுக்குத் தெரியாது. வாடை நிக்குமா?" என்றார். பயந்த எலியிடமிருந்து ஒரு வாடை வரும். நம் காதுக்கு எட்டாத குரலில் அது கத்தவும் கத்தும். எனக்குத் தெரியாத விஷயமில்லை, பரீட்சைக்கே எழுதியிருக்கிறேன். தினமும் அந்த அறையில் நின்றுகொண்டு, எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை மறுபடி எடுத்தேன். தாழ்ப்பாள் வரைக்கும் படித்துவிட்டு வைத்துவிட்டேன். பட்டாணி சுவரோரம் நடப்பது நான் போன பிறகு வந்ததில்லை. நாம் உள்ளறையிலிருந்து வெளியே வரும்போதெல்லாம் அவள் சுவரில் கை வைத்தபடி நின்றிருப்பாள். ஏதோ விளையாட்டு என்று தாண்டிப் போயிருக்கிறேன். அழாத பிள்ளையைச் சமர்த்து என்கிறோம். துணி மாதிரி தொங்கிய எலியைப் பழகிவிட்டது என்று நான் எழுதி வைத்ததும் அதே மாதிரிதானே.

மேஜைக்கு அடியில் அவள் ஒளிந்துகொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் வரவில்லை. வர ஆசை இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இருக்கிறது, மரத்துப்போக ஊசி போட்ட பல் மாதிரி இருக்கிற இடம் மட்டும் தெரிகிறது. பேசாமல் ஒரே வீட்டில் இருப்போம் என்கிறாய். அவளுக்கு அது இன்னொரு நீலத் திரை.

பிள்ளை எலி இல்லை. நான் சொல்வது தப்பாகவும் இருக்கலாம். அப்பா வரவில்லை என்று அவளிடம் சொல். என்ன செய்கிறாள் என்று பார். ஏங்கி அழுதால் எழுது, அடுத்த வண்டியில் வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
எலி டாக்டர்

ஜூலை 6

பட்டாணி அப்பாவுக்கு,

கடிதத்தைப் படித்ததும் கோபம் வரும் என்று உட்கார்ந்திருந்தேன். பெற்ற பிள்ளையை எலியோடு சேர்த்து எழுத எப்படி மனசு வந்தது என்று ஒரு முறை நினைத்தேன், அதோடு சரி. எழுந்து பாத்திரம் கழுவினேன்.

சொல்ல வாய் வராமல் தள்ளிப் போட்டேன். நேற்றுச் சொல்லிவிட்டேன். மேஜைக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி, நிஜமாவா என்று கேட்டாள். நிஜம்தான் என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இனிமே நான் முழிச்சிருக்க வேணாமா?"

வேண்டாம் என்றேன். தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலின் நடுவே நடந்து போய்த் தன் கட்டிலில் படுத்தாள். நான் போர்வையை எடுத்து வருவதற்குள் தூங்கிவிட்டாள்.

இத்தனை நாளும் நமக்குக் காவல் இருந்திருக்கிறாள். எனக்கு அழுகை வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று உங்களிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.

தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். தையல் மிஷின் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. மாதத்தில் ஒரு ஞாயிறு பூங்கா வாசலுக்கு வாருங்கள், அவளைக் கொண்டுவந்து விடுகிறேன். நான் உள்ளே வரமாட்டேன்.

இன்று காலை பக்கத்து வீட்டம்மா உங்களைப் பற்றி விசாரித்தார். நாங்கள் பிரிந்துவிட்டோம் என்று சத்தமாகவே சொன்னேன். பட்டாணி பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

இப்படிக்கு,
பட்டாணி அம்மா